ஃபியட் 500, ஹில்மேன் இம்ப்: ஒரே கோளாறு, வேறு வேறு காரணம்

இந்த இரண்டு கார்களையும் மேலோட்டமாகப் பார்த்தால் உடன்பிறப்புகள் என்றே தோன்றும். இரண்டும் சிறியவை. இரண்டிலும் எஞ்சின் பின்னால் இருக்கிறது, பெட்ரோல் டேங்க் முன்னால் இருக்கிறது. குறைந்த செலவில் ஒரு குடும்பத்தை நான்கு சக்கரத்தில் ஏற்றிவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இரண்டும் பிறந்தன. ஆனால் ஒரு காரில் கற்ற வைத்தியத்தை அப்படியே மற்றதற்குச் செய்தால் எஞ்சின் போய்விடும். ஃபியட் காற்றால் பிழைக்கிறது, இம்ப் நீரால் பிழைக்கிறது. எந்தக் கோளாறையும் அங்கிருந்துதான் யோசிக்கத் தொடங்க வேண்டும்.

ஃபியட் 500 இத்தாலியில் 1957 ஜூலையில் வெளிவந்தது. வடிவமைத்தவர் தாந்தே ஜியகோசா. முதல் வண்டியில் 479 சிசி எஞ்சின், இரண்டே சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி. பின்னர் அது 499.5 சிசி ஆனது. 1972 முதல் 1975 வரை வந்த கடைசி 'ஆர்' வகையில் 594 சிசி. மொத்தம் சுமார் 39 லட்சம் வண்டிகள் உருவாயின.

ஹில்மேன் இம்ப் பிரிட்டனின் ரூட்ஸ் குழுமம் ஸ்காட்லாந்தின் லின்வுட்டில் புதிதாகக் கட்டிய தொழிற்சாலையிலிருந்து 1963 மே மாதம் வந்தது. அதன் 875 சிசி எஞ்சினின் மூலம், தீயணைப்பு பம்புகளுக்காகக் கவென்ட்ரி கிளைமாக்ஸ் செய்த எஞ்சின். முழுக்க அலுமினியம், நான்கு சிலிண்டர், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சிலிண்டர் தலையின் மேலே, எஞ்சின் 45 டிகிரி சாய்வாகப் படுத்திருக்கும். அந்தக் காலத்துச் சிறிய கார் ஒன்றுக்கு இது மிகவும் உயர்ந்த எஞ்சின். அதனாலேயே அக்கறையும் கூடுதலாகக் கேட்கும்.

சாவி போட்டும் எஞ்சின் சுற்றவில்லை

ஃபியட்டில் சாவியைத் திருப்பினால் மின்சாரம் மட்டுமே வரும். ஸ்டார்ட்டரை இயக்க இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் சிறிய லீவரை மேலே இழுக்க வேண்டும். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு லீவர் இருக்கும், அது சோக், குளிர்ந்த எஞ்சின் கிளம்பப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது. லீவரிலிருந்து ஒரு கேபிள் பின்பக்கம் வரை ஓடுகிறது. அந்தக் கேபிள் முதலில் ஸ்டார்ட்டரின் பல்சக்கரத்தை எஞ்சினோடு கோக்கும், பிறகு மின் தொடர்பை மூடும். கேபிள் நாள்பட நீண்டுவிட்டால் முதல் வேலை நடக்கும், இரண்டாவது நடக்காது. லீவரை முழுக்க இழுத்தும் 'கிளிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதியது வாங்கும் முன், ஒருவரை லீவரை இழுக்கச் சொல்லிவிட்டு, ஸ்டார்ட்டரில் இருக்கும் சிறிய கை முழுத் தூரம் நகர்கிறதா என்று பின்னால் நின்று பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பாதியில் நின்றால் கேபிளை இறுக்கினால் போதும்.

கை முழுக்க நகர்ந்தும் சுற்றவில்லை என்றால் பேட்டரி முன்பக்கம் இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். மின்சாரம் வண்டியின் முழு நீளமும் பயணம் செய்து ஸ்டார்ட்டரை அடைகிறது. எர்த் பட்டை (மின்சாரம் திரும்பிப் போக வண்டியின் இரும்போடு கட்டிய பட்டை) துருப்பிடித்த இடத்தில் கட்டப்பட்டிருந்தால் அத்தனை தூரம் வந்த மின்சாரம் அங்கே முடங்கிவிடும். பட்டையைக் கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து மறுபடி கட்டுங்கள்.

இம்பில் இந்த லீவர் விவகாரம் இல்லை. பேட்டரி, எர்த், ஸ்டார்ட்டர் சுவிட்ச் என்று வழக்கமான வரிசையில் போனால் போதும்.

எஞ்சின் சூடு ஏறுகிறது

நின்று நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. இந்த வண்டிகள் பெரும்பாலும் அழிவது இங்கேதான்.

முதலில் ஃபியட். இதில் வெப்பமானி கிடையாது. அதன் வேலையை, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோவின் சிவப்பு விளக்குதான் செய்கிறது. குளிர்விக்கும் விசிறி டைனமோவின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது, இரண்டையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால், "சார்ஜ் ஏறவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்கக் கூடாது. பெல்ட் அறுந்திருந்தால் அந்த நொடியிலிருந்து எஞ்சினுக்குக் காற்று இல்லை. ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பெல்ட் முழுதாக இருந்தும் சூடு ஏறினால் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்:

1. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்குகிறது என்று அர்த்தம். டைனமோவின் கப்பி இரண்டு பாதியாகப் பிரியும், நடுவே மெல்லிய வளையத் தகடுகள் இருக்கும். ஒரு தகட்டை நடுவிலிருந்து எடுத்தால் பாதிகள் நெருங்கி, பெல்ட் மேலே ஏறி இறுகும். எடுத்த தகட்டைத் தூக்கிப் போடாமல் கப்பியின் வெளிப்பக்கத்தில் மாட்டி வையுங்கள். அடுத்த பெல்ட் போடும்போது தேவைப்படும்.

2. பின்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் துளைகளிலிருந்து விசிறி வரை போகும் குழாயைத் தடவிப் பாருங்கள். கிழிந்திருந்தால் விசிறி வெளிக்காற்றை விட்டுவிட்டு எஞ்சின் அறையின் வெந்த காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சும்.

3. எஞ்சினைப் போர்த்தியிருக்கும் தகரத்தின் பக்கவாட்டில் தெர்மோஸ்டாட்டால் இயங்கும் ஒரு கதவு இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும், சூடானதும் திறந்து வெப்பக் காற்றை வெளியே விடும். பத்து நிமிடம் ஓட்டிய பிறகும் மூடியே இருந்தால் கோளாறு அங்கேதான். தற்காலிகமாகக் கதவைத் திறந்த நிலையில் கம்பியால் கட்டி வைத்துவிட்டு ஓட்டலாம். எஞ்சின் சூடாகக் கொஞ்சம் தாமதமாகும், வேறு கெடுதல் இல்லை.

4. கடைசியாக, தகரப் போர்வையைக் கழற்றி சிலிண்டரின் இறக்கைகளைப் பாருங்கள். வெளியிலிருந்து இது தெரியவே தெரியாது. கசிந்த எண்ணெயில் தூசி ஒட்டி, இறக்கைகளுக்கு நடுவே களிமண் பூசியது போல் அடைந்திருக்கும். மரக்குச்சியால் சுரண்டி எடுத்தால் விரல் கனத்துக்குக் கட்டி கட்டியாக விழும். பழைய எஞ்சின் என்றால் இந்தச் சோதனையை நான் ஒருபோதும் தள்ளிப் போடுவதில்லை.

இவை நான்கும் சரியென்றால் மட்டும் பற்றவைப்பு நேரத்தையும் கார்பரேட்டர் கலவையையும் சந்தேகப்படுங்கள். நேரம் பின்தங்கினாலும் பெட்ரோல் குறைந்த கலவையானாலும் எஞ்சின் வேகும்.

இப்போது இம்ப். இங்கே எதிரி நீர் இழப்பு. எஞ்சினின் தொகுதி, தலை இரண்டுமே அலுமினியம் என்பதால் ஒரே ஒரு முறை அளவுக்கு மீறிச் சூடானாலும் தலை வளையக்கூடும், ஹெட் கேஸ்கட் (தலைக்கும் தொகுதிக்கும் நடுவே அடைக்கும் தகடு) போகக்கூடும். ஆகவே முள் மேலே ஏறத் தொடங்கிய உடனேயே நிறுத்துங்கள், கொதிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

வெப்பமானி முள் மேலே போய்விட்டுத் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான வெப்பம் காட்டும். நீர் வடிந்துபோய் உணரி நீரில்லாமல் நின்றால் முள் இறங்கும், எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

நிறுத்திய பின் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றவே கூடாது. கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். அதன் பிறகு முதலில் பார்க்க வேண்டியது வாட்டர் பம்ப். இம்பின் பெயரைக் கெடுத்த பாகங்களில் இதுவும் ஒன்று. பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் நீர் அந்தத் துளை வழியாகச் சொட்டும். ஓடி முடித்த வண்டியில் ஈரம் காய்ந்துவிடும், ஆனால் அடையாளம் மிஞ்சும். துளையிலிருந்து கீழ்நோக்கி வெள்ளையாக, சுண்ணாம்புக் கோடு போல ஒரு படிவம். டார்ச் அடித்து அதைத் தேடுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பம்பின் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது, அந்தப் பம்பை நம்பி ஊர் தாண்டாதீர்கள்.

பம்ப் நன்றாக இருந்தால் ரேடியேட்டர். அது எஞ்சினோடு பின் அறையிலேயே இருப்பதால் சாலைப் புழுதியும் எண்ணெய்த் துளிகளும் அதன் முகத்தில் படிகின்றன. ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்புகள் இல்லாமல் போயிருந்தாலும் வெந்த காற்றே சுழலும். இதை ஃபியட்டின் கிழிந்த குழாய்க்கு இணையாக வைத்துப் பார்க்கலாம்.

நீரை மாற்றிய மறுநாளே சூடு ஏறினால் காற்றடைப்புதான் முதல் சந்தேகம். ஹீட்டர் முன்னால் இருக்கிறது, எஞ்சின் பின்னால் இருக்கிறது, நடுவே நீளமான குழாய்கள். அந்தக் குழாய்களில் காற்று மாட்டிக்கொள்ளும். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தி, ரேடியேட்டரின் வாய்தான் எல்லாவற்றிலும் மேலே இருக்கும்படி நிறுத்திவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். வெறும் நீர் மட்டும் ஊற்றாதீர்கள். அலுமினியத்துக்கு ஏற்ற, அரிப்பைத் தடுக்கும் கூலன்ட் கலவையே வேண்டும். வெறும் நீர் அந்த எஞ்சினை உள்ளிருந்து தின்றுவிடும்.

ஹெட் கேஸ்கட் போயிருக்கிறதா என்று அறிய, குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். நீரில் தொடர்ந்து குமிழிகள் எழுந்தால் சிலிண்டரின் வாயு நீருக்குள் வருகிறது. கம்ப்ரஷன் அளந்தால் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அளவு தாழ்ந்திருக்கும். கேஸ்கட் அந்த இரண்டுக்கும் நடுவே அறுந்திருக்கிறது.

சூடான வண்டி நின்றால் மறுபடி கிளம்பவில்லை

இது இரண்டுக்கும் பொதுவான தொல்லை. எஞ்சினை அணைத்ததும் காற்றோட்டம் நின்றுவிடும், மூடிய பின் அறையில் வெப்பம் தேங்கும், கார்பரேட்டரிலும் பம்பிலும் பெட்ரோல் ஆவியாகும். பின்பக்க மூடியைத் திறந்து வைத்து இருபது நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். கிளம்பினால் காரணம் பெரும்பாலும் பெட்ரோல் ஆவி. பெட்ரோல் பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே வெப்பம் கடத்தாத கனமான தகடு இருக்கிறதா, பெட்ரோல் குழாய் சைலன்சரை உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள்.

வண்டி நின்றதும் ஸ்பார்க்கே வரவில்லை என்றால் பற்றவைப்பு மின்சுற்றில் இருக்கும் கன்டென்சரையும் காயிலையும் சந்தேகப்படுங்கள். இரண்டுமே சூட்டில் செயலிழந்து, ஆறியதும் நல்லபிள்ளையாகிவிடும். ஆறிய பிறகு சோதித்தால் எதுவும் தெரியாது. அதனால் நின்றுபோன அந்த நிமிடத்திலேயே பிளக்கைக் கழற்றி எஞ்சினில் ஒட்டவைத்து ஸ்பார்க்கைப் பாருங்கள். பெட்ரோல் வாடை அடிக்கிற இடத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

இழுவை இல்லை, இடையிடையே தடுமாறுகிறது

ஃபியட்டில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் பாதி எஞ்சின் போய்விட்டது. ஏற்றத்தில் முதல் கியரில்கூடத் திணறும், சந்தேகத்துக்கே இடமில்லை. இம்பில் நான்கில் ஒன்று போனால் சமதரையில் ஓட்டுபவர் கவனிக்காமலே பல நாள் ஓட்டிவிடலாம். ஆகவே இம்பை ஐட்லிங்கில் வைத்துக் காதால் கேளுங்கள். சீரான ஓசையில் ஒரு இடம் விட்டு விட்டு வந்தால், எஞ்சினை அணைத்து ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி எர்த்தில் கட்டிவிட்டு மறுபடி ஓட விடுங்கள். நான்கையும் இப்படி ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எந்த ஒயரைக் கழற்றும்போது ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் தூங்குகிறது.

பிறகு இரண்டிலும் பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடர்பு) இடைவெளி. ஃபியட்டில் அது 0.5 மி.மீ. ஒட்டியே இருக்க வேண்டும். அடுத்து கார்பரேட்டரின் ஐட்லிங் ஜெட். ஃபியட்டின் வெபர் கார்பரேட்டரில் அந்தத் துளை மிகச் சிறியது, கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும் அடைக்க. காற்றால் ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

ஆரம்ப கால இம்ப் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த வண்டிகளில் ஆக்ஸிலரேட்டருக்குக் கேபிள் இல்லை, காற்றழுத்தக் குழாய்தான் மிதியை கார்பரேட்டரோடு இணைத்தது. மிதித்த பிறகு எஞ்சின் தாமதமாக எழுந்தால் கார்பரேட்டரைப் பிரிக்கும் முன் அந்தக் குழாயில் எங்கே காற்று கசிகிறது என்று தேடுங்கள். அந்த முறை பின்னர் கைவிடப்பட்டது. பல வண்டிகளில் முந்தைய உரிமையாளர்களே கேபிள் பொருத்தியிருப்பார்கள்.

பிளக்கைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: இரண்டு வண்டிகளிலும் தலை அலுமினியம். எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள். மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையால் மட்டுமே திருப்புங்கள். கையால் போகவில்லை என்றால் மரை சரியாகப் பிடிக்கவில்லை. ஸ்பேனரால் அழுத்தினால் மரை உதிர்ந்துவிடும்.

எஞ்சினின் மேல் பகுதியில் 'டக் டக்' சத்தம்

ஃபியட்டில் இது ஒரு மாலை நேர வேலை. குளிர்ந்த எஞ்சினில் வால்வு மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து வால்வு இடைவெளி 0.15 மி.மீ. இருக்கும்படி திருகைத் திருப்பி நட்டை இறுக்கிவிடலாம். மொத்தம் நான்கே வால்வுகள்.

இம்பில் கேம்ஷாஃப்டுக்கு அடியில் வால்வை அழுத்தும் வாளி வடிவ டாப்பெட்டுகள், அவற்றுக்குள் அளவெடுத்த தகடுகள். இடைவெளியை மாற்றக் கேம்ஷாஃப்டைத் தூக்கி, தகட்டை அளந்து, வேறு கனத்தில் தகடு போட வேண்டும். முதலில் எட்டு இடைவெளிகளையும் அளந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அதன் பிறகே பிரியுங்கள். பிரித்துவிட்டு அளக்க முடியாது. நன்றாக அமைத்த இம்ப் தலை நெடுங்காலம் அளவு மாறாமல் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கியர் போடும்போது உறுமுகிறது

ஃபியட்டில் இது பெரும்பாலும் கோளாறே அல்ல. அதன் நான்கு கியர்களிலும் சின்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைத் தானாகச் சமமாக்கும் அமைப்பு) கிடையாது. கியரைக் குறைக்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்று உயர்த்தி, மறுபடி கிளட்சை மிதித்துக் கியர் போட வேண்டும். இந்தத் தாளம் ஒரு வாரத்தில் காலுக்குப் பழகிவிடும். பழகிய பிறகும் உறுமினால் கிளட்ச் கேபிளைப் பாருங்கள்.

இம்பில் நான்கு முன்கியர்களுக்கும் சின்க்ரோமெஷ் உண்டு. அங்கே உறுமல் கேட்டால் அது நோய்தான். கிளட்ச் ஹைட்ராலிக் என்பதால் முதலில் திரவ அளவைப் பாருங்கள். மிதியை இரண்டு மூன்று முறை அடித்த பிறகு கியர் சுலபமாக விழுந்தால் குழாயில் காற்று இருக்கிறது, வெளியேற்றுங்கள். அப்போதும் ஒரே ஒரு கியர் மட்டும் உறுமினால் அந்தக் கியரின் சின்க்ரோ தேய்ந்துவிட்டது.

நிற்கும்போது ஆட்டம், கிளம்பும்போது அதிர்ச்சி

ஃபியட்டின் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். ஆகவே ஐட்லிங்கில் எஞ்சின் குலுங்குவது அதன் இயல்பு. அந்தக் குலுக்கலை வாங்கிக்கொள்ள எஞ்சினின் பின்பக்கம் சுருள்வில்லில் தொங்குகிறது. குலுக்கல் உடம்பு முழுக்கப் பரவினால் அந்தத் தாங்கியைப் பாருங்கள்.

இம்பில் அப்படிக் குலுங்கக் கூடாது. கிளட்சை விடும்போது பின்னால் 'தொப்' என்று இடி விழுந்தால் சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளின் ரப்பர் இணைப்புகளைப் பாருங்கள். போல்ட்டுகளைச் சுற்றி வெடிப்பு தெரியும். கசிந்த எண்ணெய் படும் இணைப்பு இன்னும் வேகமாக அழுகும்.

உள்ளே எண்ணெய் நாற்றம்

ஃபியட்டின் ஹீட்டர், எஞ்சினைத் தழுவி வந்த அதே காற்றை நடுச் சுரங்கம் வழியாக உள்ளே அனுப்புகிறது. புஷ்ராடு (வால்வுகளைத் தள்ளும் கம்பி) குழாய்களின் ரப்பர் வளையங்கள் இறுகிப்போய் எண்ணெய் கசிந்தால், அது சூட்டில் கருகி வாடையாக முகத்தில் வீசும். வளையங்களை மாற்றத் தலையைத் தூக்க வேண்டும், ஆகவே வேறு காரணத்துக்காகத் தலையைக் கழற்றும் நாளிலேயே இதையும் முடித்துவிடுங்கள். ஆனால் வாடை எண்ணெயாக இல்லாமல் புகையாக இருந்தால், தலைவலி வந்தால், ஹீட்டரை மூடி ஜன்னலைத் திறந்து உடனே நிறுத்துங்கள். ஹெட் கேஸ்கட்டைத் தாண்டிக் கசியும் புகைவாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அது உயிரைக் குடிக்கும். சரி செய்யும் வரை அந்த ஹீட்டரைத் திறக்கக் கூடாது.

இம்பில் ஹீட்டர் வழியாக வரக்கூடியது கூலன்டின் இனிப்பு வாடை. கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஆவி படிந்தால் ஹீட்டர் கசிகிறது.

நேராகப் போக மறுக்கிறது

ஸ்டீயரிங்கைப் பிரிக்காதீர்கள். முதலில் டயர் காற்று. எடை பின்னால் இருப்பதால் இரண்டு வண்டிகளுக்குமே முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் காற்று வேண்டும். இம்பில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது: முன்னால் 18, பின்னால் 30 பிஎஸ்ஐ. பழக்கமில்லாதவர் காற்று நிரப்பினால் முன் டயரைப் பார்த்துக் காற்றில்லை என்று நினைத்து நான்கையும் ஒரே அளவாக்கிவிடுவார். அன்றிலிருந்து வண்டி காற்றடித்தால் அலையும், வளைவில் பின்பக்கம் விலகும். முன்டிக்கி மூடியின் உட்புறத்தில் இரண்டு எண்களையும் எழுதி ஒட்டுங்கள்.

காற்று சரியாக இருந்தும் அலைந்தால், ஃபியட்டில் முன்சக்கர கிங்பின்களுக்கு (சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணிகள்) கிரீஸ் எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் குறை சக்கர பேரிங்கில் இருக்கிறது. நிற்கவில்லை என்றால் கிங்பின்னை மாற்ற வேண்டும். கிரீஸ் கன்னோடு அதைக் காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது.